ஆறு விழுந்தால் கரையேறலாம்

ஹாலிஃபாக்ஸ்
5 அக்டோபர் 1978

அன்புள்ள ஹில்டாவுக்கு,

அண்ணன் கிளிஃபர்ட் எழுதுவது. நானும் நோராவும் இருக்கிறோம். அடிலெய்டில் நீயும் உன் வீட்டுக்காரரும் உன் கோழிகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே இங்கிலாந்தில் மழை. என் முட்டி அதை ஒருநாள் முன்பே சொல்லிவிடுகிறது.

போன ஆட்டத்தில் நீ தோற்றதைப் பற்றி இனிப் பேச வேண்டாம். இது புது ஆட்டம். 1940 செப்டம்பர். நடக்காதது நடந்ததாக வைத்துக்கொள்: ஜெர்மன் படை ஆங்கிலக் கால்வாய்க் கடலைக் கடந்து கென்ட் கரையில் இறங்குகிறது. நீ ஜெர்மன், நான் இங்கிலாந்து.

சட்டத்தை மறுபடி எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் போன தடவை போலச் சண்டைக்கு வருவாய். ஒரு கடிதத்துக்கு ஒரு நகர்வு. அது நடந்திருக்கக்கூடியதுதான் என்பதற்கு மூன்று காரணம் தர வேண்டும். நம்ப முடியாத காரணத்தை எதிராளி அடித்துவிடலாம். மூன்றும் நின்றால் பகடையில் ஒன்றைத் தவிர எது விழுந்தாலும் சரி. இரண்டு நின்றால் நான்குக்குக் குறையக் கூடாது. ஒன்றே நின்றால் ஆறு விழுந்தாக வேண்டும். வழக்கம்போல இருவருக்கும் நோராவே பகடை போடுவாள். யார் ஜெயித்தாலும் அவளுக்கு ஒன்றுதான் என்பதால் அவளைவிட நியாயமான ஆள் கிடையாது.

வியாழக்கிழமை சபைக் கூடத்தில் நம் போர் விளையாட்டுச் சங்கம் இன்னும் கூடுகிறது. கூடி என்ன பயன்? போன வாரம் ஒரு வங்கிக்காரர் எதிரே உட்கார்ந்தார்.

"கிளிஃப், இருநூறு டாங்கியை ஒரே ராத்திரியில இறக்கிட்டேன்."

"எதுல இறக்கின?"

"படகுலதான்."

"எந்தப் படகு? அதை யார் இழுத்தா? பெட்ரோல் எதுல வந்துச்சு?"

"அட, விளையாட்டுதானே கிளிஃப்!"

விளையாட்டாம். கேட்பவன் கேனயன் என்றால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்கள். போர் முழுக்க ராணுவ லாரி ஓட்டியவன் நான். ரொட்டி போகாத இடத்துக்குப் படை போகாது.

உனக்கு ஐந்தாறு நகர்வு தருகிறேன். அதற்குமேல் அந்தப் படை கரையில் உயிரோடு இருக்காது. நோரா கொஞ்சம் அசதியாக இருக்கிறாள், அதனால் அடியில் அவள் வழக்கமாக எழுதும் இரண்டு வரி இந்த முறை இல்லை.

அண்ணன்,
கிளிஃபர்ட்


அடிலெய்ட்
18 அக்டோபர் 1978

அன்புள்ள அண்ணா,

உன் முட்டிக்கும் அண்ணிக்கும் என் விசாரிப்பு. இங்கே ஜாக்குக்கு முதுகுவலி, கோழிகள் நலம். வெயில் இப்போதே தொடங்கிவிட்டது.

முதல் நகர்வு: விடியற்காலையில் ஹைத், டிம்சர்ச் கரைகளில் இறங்குகிறேன். காரணம் ஒன்று, அங்கே கரை தாழ்ந்தது, பாறை இல்லை. இரண்டு, உன் படை டன்கர்க்கில் துப்பாக்கிகளை விட்டுவிட்டு ஓடி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. மூன்று, நான் ஆற்றுப் படகுகளில் குறைந்த ஆட்களையே அனுப்புகிறேன். அந்த வங்கிக்காரரைப் போல ஆசைப்படவில்லை.

அண்ணிக்கு என்ன அசதி? பதினான்கு வருஷமாக அவள் வரி இல்லாமல் உன்னிடமிருந்து ஒரு கடிதமும் வந்ததில்லை. "உன் அண்ணன் இன்றும் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்" என்றாவது எழுதுவாள். எழுதச் சொல்.

தங்கை,
ஹில்டா


ஹாலிஃபாக்ஸ்
2 நவம்பர் 1978

அன்புள்ள ஹில்டாவுக்கு,

ஜாக்கின் முதுகுக்குச் சூடான தவிட்டு மூட்டை வைத்துப் பார்க்கச் சொல். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

உன் மூன்று காரணமும் நிற்கின்றன. பகடையில் நான்கு. இறங்கிவிட்டாய், வாழ்த்து. இப்போது என் நகர்வு: இருட்டியதும் என் போர்க்கப்பல்கள் கால்வாய்க்குள் நுழைந்து உன் இரண்டாவது படகு வரிசையைச் சிதறடிக்கின்றன. ஒன்று, உன் படகுகள் மனிதன் நடக்கிற வேகத்தில் வருகின்றன. இரண்டு, இருட்டில் உன் விமானங்களுக்குக் கண் தெரியாது. மூன்று, படகைச் சுட வேண்டிய அவசியமேயில்லை. பக்கத்தில் கப்பல் வேகமாகப் போனால் அந்த அலையே கவிழ்த்துவிடும். நோரா போட்டாள், ஐந்து.

ஆக, கரையில் உன் ஆட்கள் இருக்கிறார்கள், பின்னால் ரொட்டி இல்லை. அடுத்த கடிதத்தில் கௌரவமாகச் சரணடைந்தாலும் தவறில்லை.

நோராவை ஒரு பரிசோதனைக்காக இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வந்துவிட்டாள். டாக்டர்கள் வழக்கம்போல எதையோ பேசினார்கள்.

கிளிஃபர்ட்


ஹாலிஃபாக்ஸ்
9 நவம்பர் 1978

என் ஹில்டா,

உடம்பைப் பார்த்துக்கொள் என்று தொடங்குவதுதான் முறை, ஆனால் இப்போது அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. கிளிஃப் சபைக் கூடத்துக்குப் போயிருக்கிறான். அவன் திரும்புவதற்குள் எழுதி அடுத்த வீட்டு மார்ஜரியிடம் கொடுத்துவிட வேண்டும்.

எனக்கு வயிற்றில் புற்று. ஈரலுக்கும் போய்விட்டது. வசந்தம் வரை இருந்தால் அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். எங்கள் இருவரையும் உட்கார வைத்துத்தான் சொன்னார். கிளிஃப் தொப்பியைக் கையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து டீ போட்டான், போட்டுக்கொண்டே கேட்டான்:

"நோரா, அந்தக் கூழாங்கல் கரையில குதிரைங்கள இறக்க முடியும்னு நெனக்கிறியா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "முடியாது கிளிஃப், கால் ஒடிஞ்சுடும்" என்றேன். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. உனக்கும் எழுதியிருக்க மாட்டான்.

எனக்குச் சாவைப் பற்றி அவ்வளவு பயமில்லை, ஹில்டா. இவனை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. பிள்ளை குட்டி இல்லை. லாரி டிப்போ வேலையும் போய்விட்டது. உங்கள் ஆட்டத்து வரைபடத்தின் முன்னால்தான் உட்காருகிறான், அங்கே உட்கார்ந்தால்தான் சாப்பிடுகிறான். உன் கடிதம் வந்த அன்று மட்டும் முகம் மழிக்கிறான்.

ஆட்டத்தை முடித்துவிடாதே. அவன் கணக்குப்படி அது கிறிஸ்துமஸுக்குள் முடிந்துவிடும். எனக்கு அப்புறமும் அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வெறும் வீட்டில் பதில் எழுத வேண்டிய ஒரு கடிதமாவது அவனுக்காக மேஜையில் கிடக்க வேண்டும். நீ கிளம்பி வந்துவிடாதே. வந்தால் ஒரு மாதத்தில் திரும்பிப் போவாய், அப்புறம்? கடிதம் என்றால் வந்துகொண்டே இருக்கும்.

அவன் லேசில் நம்பமாட்டான் என்று தெரியும். வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லு, ஒன்றாவது நிற்கிறாற்போலச் சொல்லு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
நோரா


அடிலெய்ட்
22 நவம்பர் 1978

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் நலமாயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். ஜாக்குக்குத் தவிட்டு மூட்டை பலன் தந்தது.

சரணா? அந்தப் பேச்சே வேண்டாம். என் நகர்வு: கால்வாயில் மூடுபனி. நான்கு நாள் விலகவே இல்லை. உன் கப்பல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, என் படகுகள் உணவோடு கரை சேர்கின்றன. காரணம் ஒன்று, செப்டம்பரில் கால்வாயில் பனி உண்டு. இரண்டு, என் படகோட்டிகள் ரைன் நதியில் பனியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மூன்று, என் வண்டிக் குதிரைகளுக்குத் தீவனம் கொண்டுவர வேண்டியதில்லை. கரையை ஒட்டிய ரோம்னி சதுப்பு முழுக்க ஆடு மேய்கிற புல். படகில் அந்த இடத்தில் ரொட்டியை நிரப்பிவிட்டேன்.

அண்ணி தினமும் வெந்நீர்ப் பையை வைத்துக்கொள்ளட்டும். அவள் கைப்பட ஒரு வரி எழுதினால் சந்தோஷப்படுவேன். எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

ஹில்டா


ஹாலிஃபாக்ஸ்
9 டிசம்பர் 1978

அன்புள்ள ஹில்டாவுக்கு,

நலம் விசாரிப்பதற்கு முன் உன் மூளையை விசாரிக்கிறேன். அது சௌக்கியமா?

நான்கு நாள் பனி! காற்று வீசாத கால்வாயை நீ எந்தக் கடையில் வாங்கினாய்? முதல் காரணத்தை அடித்துவிட்டேன். இரண்டாவது அதைவிட மோசம். ஆயிரம் படகு கண் தெரியாமல் ஒரே திசையில் வந்தால் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறும். அடித்துவிட்டேன். ஒரு படைவீரனின் பூட்ஸ் என்ன எடை என்று என்னோடு இரண்டு மாதம் தபாலில் சண்டை போட்டவளா இதை எழுதினாள்?

மூன்றாவது நிற்கிறது. புல் நல்ல யோசனை. எனக்குத் தோன்றவில்லை.

ஒரே காரணம், ஆறு விழுந்தால் மட்டும். கெட்டில் கூவியது, பார்க்கப் போனேன். அதற்குள் நோரா கூப்பிட்டாள்: "கிளிஃப், ஆறு! வந்து பாரு!" ஆறேதான். பைத்தியக்காரனுக்குத்தான் அதிர்ஷ்டம். உன் ஆட்கள் ரொட்டி தின்கிறார்கள்.

நோராவுக்குத் தூக்கம் அதிகம். குளிர்காலம் அல்லவா. கிறிஸ்துமஸுக்கு வாத்து வாங்கவில்லை, சூப்தான்.

கிளிஃபர்ட்


அடிலெய்ட்
27 டிசம்பர் 1978

அன்புள்ள அண்ணா,

உனக்கும் அண்ணிக்கும் புத்தாண்டு நிம்மதியாக இருக்கட்டும். இங்கே வெயிலில் இரண்டு கோழி செத்துப்போயின.

என் படை ஃபோக்ஸ்டன் நகரைப் பிடிக்கிறது. ஒன்று, அங்கே ரொட்டிக் கடைகள் உண்டு, மாவு உண்டு. இரண்டு, பெட்ரோல் நிலையங்கள் நிரம்பியிருக்கின்றன. மூன்று, உன் வீரர்களில் பாதிப் பேர் நேற்றுவரை கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும். அவர்களுக்கும் தூக்கம் வேண்டும். களைத்தவனால் ஒரு நகரைக் காக்க முடியாது.

நீ தூங்குகிறாயா, அண்ணா?

ஹில்டா


ஹாலிஃபாக்ஸ்
21 ஜனவரி 1979

அன்புள்ள ஹில்டாவுக்கு,

கடிதம் தாமதம். நான் சுகம். வெளியே முழங்கால் அளவு பனி. லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம், நம் பழைய டிப்போ வாசலிலும் நெருப்பு மூட்டி நிற்கிறார்கள். கடையில் சர்க்கரை இல்லை, பெட்ரோலுக்கு வரிசை. பார்த்தாயா? எதிரி ஒருவனும் இல்லை, ஒரு குண்டு விழவில்லை. லாரி நின்றதும் ஒரு நாடே தடுமாறுகிறது. நீ என்னவென்றால் கடலுக்கு நடுவே படகில் ரொட்டி விற்கிறாய்.

ஃபோக்ஸ்டன் விஷயம். மாவு இருந்தால் ரொட்டியாகிவிடுமா? அடுப்புக்குக் கரி? அடித்துவிட்டேன். பெட்ரோலை அந்த வருஷம் நாங்களே வடித்துவிட்டு வரும்படி உத்தரவு. அடித்துவிட்டேன். களைப்பு நிற்கிறது. அதை எப்படி அடிப்பது?

நோரா இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். கொஞ்சம் ஓய்வுக்காக. பார்வை நேரத்தில் நடந்தே போகிறேன், மலையேறி இறங்கி. வரைபடத்தை அவள் போர்வைமேல் விரித்தேன். குண்டூசியைக் குத்தியதில் ஒன்று அவள் காலில் பட்டுவிட்டது.

"அய்யோ! நீ கென்டைக் குத்துறியா, என்னைக் குத்துறியா?" என்றாள். வரைபடத்தில் உள்ள லிம் குன்று அவள் முழங்காலுக்கு நேராக வந்திருந்தது.

தாதிப்பெண் எட்டிப் பார்த்தாள். "என்ன சார், ஆஸ்பத்திரியிலேயே சூதாட்டமா?"

"ஆமா தங்கம், இங்கிலாந்தையே வச்சு ஆடுறோம்" என்றாள் நோரா.

சாப்பாட்டுத் தட்டில் பகடை போட்டாள். ஆறு. மறுபடியும் ஆறு. ஃபோக்ஸ்டன் உன்னுடையது.

ஹில்டா, வெளிப்படையாகச் சொல்கிறேன். இந்தப் போர் எப்போதோ முடிந்துவிட்டது. உனக்கும் தெரியும். உன் படை செத்துப்போன படை, நாம் அதைப் பிடித்து நடக்க வைக்கிறோம். எனக்கு அலுத்துவிட்டது. சரணடைந்துவிடு. வரைபடத்தைச் சுருட்டி வைக்கிறேன்.

கிளிஃபர்ட்


அடிலெய்ட்
2 பிப்ரவரி 1979

அன்புள்ள அண்ணா,

நடந்து போகும்போது கழுத்தில் கம்பளியைச் சுற்றிக்கொள். அண்ணியின் கையைப் பிடித்து, ஹில்டா முத்தம் கொடுத்தாள் என்று சொல்.

சரணடைய மாட்டேன். வரைபடத்தைச் சுருட்டாதே. லிம் குன்றின் மேலே உள்ள விமானத்தளத்தில் என் விமானங்கள் ரொட்டியும் மருந்தும் கம்பளியும் கொண்டு இறங்குகின்றன. ஒன்று, ஓடுபாதையில் புல்தான், குண்டு விழுந்த பள்ளத்தை மண்போட்டு மூடலாம். இரண்டு, உன் விமானங்கள் லண்டனுக்கு மேலே மும்முரமாக இருக்கின்றன. மூன்று, எதிர்ப்பக்கத் தளபதிக்கு இந்தப் போர் முடிய வேண்டாம். முடிந்தால் அவர் எந்த வீட்டுக்குப் போவார்?

மூன்றாவதை அடிப்பதானால் அடி. ஆனால் காரணம் எழுதி அடி.

ஹில்டா


அடிலெய்ட்
16 மார்ச் 1979

அன்புள்ள அண்ணா,

தந்தி கிடைத்தது. "நோரா போய்விட்டாள். புதன் அடக்கம்." அதற்குமேல் ஒரு சொல் இல்லை, உன் தந்தி அல்லவா. அன்று முழுக்க அழுதேன். ஜாக் கோழிகளைப் பார்த்துக்கொண்டான். அவளைப் போல ஒரு அண்ணி எனக்கு இனி எங்கே கிடைப்பாள்?

உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ சாப்பிடுகிறாயா? கணப்பு மூட்டுகிறாயா? மார்ஜரி வந்து பார்க்கிறாளா?

என் பிப்ரவரி நகர்வுக்கு நீ இன்னும் பதில் தரவில்லை. என் விமானங்கள் வானத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. இறங்கவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் இருக்கிறார்கள் விமானிகள், பாவம். பெட்ரோல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று நீதான் கணக்குச் சொல்வாயே.

உன்,
ஹில்டா


ஹாலிஃபாக்ஸ்
12 ஏப்ரல் 1979

அன்புள்ள ஹில்டாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. முட்டி மட்டும். மார்ஜரி செவ்வாய்க்கிழமை இறைச்சிப் பணியாரம் கொண்டுவருகிறாள், உப்பே இருப்பதில்லை, தின்றுவிடுகிறேன்.

இன்று வியாழன். சபைக் கூடத்துக்குப் போகவில்லை.

மூடுபனி எழுதினாயே, அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ அவ்வளவு மட்டமான பொய்யை எனக்கு எழுத ஒரே காரணம்தான் இருக்க முடியும். நோரா உனக்கு எழுதியிருக்கிறாள். எனக்குத் தெரியும் என்று அவளிடம் நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். இருபத்தொன்பது வருஷம் ஒரு வீட்டில் இருந்தோமே.

ஆறையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் நான் கெட்டிலைப் பார்க்கப் போனேன், அதனால் அதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஜனவரியில் நான் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். தட்டில் விழுந்தது ஒன்று. என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே, விரல் நகத்தால் அதைத் திருப்பி வைத்தாள்.

"ஆறு" என்றாள்.

"ஆறுதான்" என்று சொல்லி எழுதிக்கொண்டேன்.

இத்தனை வருஷத்தில் அவள் செய்த ஒரே திருட்டு அது. நான் கண்டும் காணாமல் விட்ட ஒரே நகர்வும் அதுதான். அதற்கு ஆத்திரப்பட்டுத்தான் உன்னைச் சரணடையச் சொன்னேன். எனக்காக அவள் பொய் சொல்ல வேண்டியிருந்ததே என்று. கடைசி வாரத்தில் ஒருநாள் வரைபடத்தைக் கொண்டுபோய் விரித்தேன். லிம் குன்று எழும்பவில்லை. அவள் காலில் மேடு போடச் சதை இல்லை, காகிதம் தட்டையாகக் கிடந்தது. அவள் தூங்கினாள். பார்வை நேரம் முடியும்வரை குண்டூசிகளைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அவள் வேண்டும், ஹில்டா. காலையில் இரண்டு கோப்பை டீ போட்டுவிடுகிறேன். மற்றதைக் கொட்டவும் மனம் வரவில்லை, குடிக்கவும் முடியவில்லை.

இனி உன் நகர்வு. முதல் காரணம்: பள்ளத்தை மூடலாம், ஆனால் மூடுகிறவன் தலையில் என் பீரங்கி அடித்துக்கொண்டிருக்கும். அடித்துவிட்டேன். இரண்டாவது: லண்டனிலிருந்து லிம்முக்கு விமானம் வர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு டீ குடிக்கிற நேரம். அடித்துவிட்டேன்.

மூன்றாவதை அடிக்கப் பேனாவை வைத்தேன். காரணம் எழுதி அடிக்கச் சொன்னாய். ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அது நிற்கிறது.

ஆக, ஒரே காரணம். ஆறு விழுந்தால் மட்டும்.

பகடை போட ஆளில்லை, நானே போட்டேன். ஆஸ்பத்திரியில் அவள் பொருள்களோடு கொடுத்தார்கள் அதை, மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. சமையலறை மேஜையில், அவள் உட்காரும் பக்கத்தில் உருட்டினேன்.

ஒன்று விழுந்தது.

நகத்தால் திருப்பி வைத்தேன். ஆறு.

உன் விமானங்கள் இறங்கிவிட்டன. அத்தனை பேருக்கும் ராத்திரிச் சாப்பாடு எங்கிருந்து வரும் என்று விவரமாக எழுது.

அண்ணன்,
கிளிஃபர்ட்